டப்ளின் மேடைக்கு இரண்டாம் தரம் கேட்பார்களா

டப்ளினில் பஸ் தானாக நிற்காது, கை காட்ட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நிறுத்தத்துக் கம்பத்தடியில் குடையும் கைப்பையுமாக ஒழுங்காக நின்றுகொண்டிருந்தேன். இரட்டைத்தட்டு பஸ் ஒன்று வந்தது, போனது. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது, அதுவும் போனது. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் மூச்சு வாங்க நின்றாலே நூற்றியோராம் இலக்க பஸ் நின்று, "நகின்ன, நகின்ன" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிக் கண்டக்டர் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிடுவார். போகிற எண்ணமே இல்லாமல் மொறட்டுவை வரை போய் வந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது பஸ்ஸுக்கு, பக்கத்தில் நின்ற தொப்பிக்காரக் கிழவர் கையை நீட்டினார். பஸ் நின்றது. "நீட்டாவிட்டால் நீங்கள் மழை பார்க்க நிற்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வான்" என்றார். ஏறினால் அடுத்த வில்லங்கம். சாரதி மிச்சக்காசு தரமாட்டார், சரியான சில்லறை வேண்டும். என்னிடம் இருந்ததோ பெரிய தாள். அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "போய் இருங்கள்" என்றார். இறங்கும்போது ஒவ்வொருவரும் சாரதிக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். நான் இரண்டு தரம் சொன்னேன்.

நான் உடுப்புக்காரி. விளம்பரப் படங்களிலும் நாடகங்களிலும் நடிக்கிறவர்களுக்கு இருபத்திரண்டு வருடமாக உடுப்புத் தெரிந்தெடுத்துக் கொடுக்கிறேன். பால்மா விளம்பரத்தில் சிரிக்கிற அம்மாவின் சேலை, வங்கி விளம்பரத்து அப்பாவின் சேர்ட் எல்லாம் என் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் இருந்து போனவைதான். என் வேலையில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. என் பெயர்தான் எங்கேயும் வந்ததில்லை.

இந்த முறை வந்தது. அயர்லாந்தின் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் அந்த நாடே எடுக்கிற விருது விழா அது. ஆடை வடிவமைப்புக்குப் பரிந்துரைத்த ஐந்து நாடகங்களில் ஒன்று எங்களுடையது. நோரா என்ற அயர்லாந்துப் பெண்மணியின் பெயருக்குப் பக்கத்தில் சுபாஷினி என்று என் பெயரும் இருந்தது. கப்பல் பழுதாகிக் கொழும்புத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட அயர்லாந்து இன்ஜினியர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்குகிற கதை. கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் ஏழு கிழமை படம் பிடித்தார்கள்.

நோராவுக்கு அறுபது வயது. கெட்டிக்காரி. ஆனால் புதுச் சேலைகளைப் பழசாக்குவதற்கு மரம் தேய்க்கிற தாளும் தேயிலைச் சாயமும் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். துறைமுகத்து ஆட்களுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிற பெண்ணின் சேலை எங்கே நைந்திருக்கும் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. இடுப்புப் பக்கம் கை துடைத்துத் துடைத்து நிறம் போயிருக்கும். தோளில் ஊசி குத்திக் குத்திச் சின்னச் சின்ன ஓட்டை விழுந்திருக்கும். நான் நோராவிடம், "புதுச் சேலையைக் கொடுத்துப் பழைய சேலையை வாங்குவோம்" என்றேன். மெயின் வீதியில் வாங்கிய சேலைகளை ஒரு த்ரீவீலரில் அடைத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனேன்.

அங்கே இடியப்பம் அவித்து விற்கிற பிலோமினா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புதுசைத் தந்திட்டுப் பழசைக் கேக்கிறீங்க. இதில ஏதும் சுத்துமாத்து இருக்கோ, தங்கச்சி?" என்றார். இல்லை என்று நம்ப வைக்க அரை நாள் பிடித்தது. நம்பிய பிறகு அவரே அந்தச் சந்து ஒழுங்கை முழுவதும் நடந்து இன்னும் பத்துப் பெண்களைச் சேர்த்துத் தந்தார்.

மறுநாள் நோராவையும் கூட்டிக்கொண்டு போனால், பதினொரு பேரும் பழைய சேலைகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்து அயர்ன் பண்ணி அடுக்கியிருந்தார்கள். ஊத்தைச் சேலையை இன்னொருவர் கையில் கொடுக்க அவர்களால் முடியாது. நோரா தலையில் கை வைத்துவிட்டார். நான்தான், "இன்னும் ஒரு கிழமை இதுகளைக் கட்டுங்கோ, வேலை செய்யுங்கோ, தோய்க்காமல் தாங்கோ" என்று வாசல் வாசலாகக் கெஞ்சினேன்.

"கட்டுறம்" என்றார் பிலோமினா அக்கா. "ஆனா படம் முடியேக்க எங்கட பேரும் ஓடவேணும்."

ஓடவில்லை. பெயர்ப் பட்டியலில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது பெரிய வெட்கமாகப் போய்விட்டது. பரிந்துரைச் செய்தி வந்ததும் முதல் வேலையாக முகத்துவாரத்துக்குத்தான் போனேன். "அப்ப மேடையில ஏறினா எங்கட பேரைச் சொல்லுங்கோ" என்றார்கள். சொல்லுவேன் என்றேன். பதினொரு பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். டப்ளினில் எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். மற்றதெல்லாம் ஊர் பார்க்கிறது.

அந்த வேலையை நான் கொழும்பில் இருக்கும்போதே கெடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரியவந்தது.

பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னால், வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய்க் கட்டோடு நிற்கும்போது ஒரு அழைப்பு வந்தது. பேசியது கிளாரா, நாடகக் கம்பனியில் ஒழுங்குகளைப் பார்க்கிற ஒல்லாந்துப் பெண். "விருது கிடைத்தால் மேடைக்குப் போகிறவர்களின் பெயரை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். உங்களுக்குப் போக விருப்பமா?" என்று கேட்டாள். என் வாய் முந்திக்கொண்டது. "பரவாயில்லை, நோரா போகட்டும், அவர்தானே பெரியவர்" என்றேன். "சரி, நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால், இப்போதுதான் குடித்தோம் என்போம். நாக்கு வறண்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லுவோம். அவர்கள் இன்னொரு தரம் கேட்க வேண்டும். அதற்கும் வேண்டாம் என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தரம் கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். முதல் தரமே ஓம் என்று சொல்கிறவரை வளர்த்த விதம் சரியில்லை என்று எங்கள் அம்மா நேராகவே சொல்லுவார். கிளாரா திரும்பக் கேட்பாள் என்று நானும் விமானம் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை டப்ளினில் இறங்கினேன். என் பெட்டி இறங்கவில்லை. வேறு ஏதோ நாட்டில் நின்றுவிட்டதாம். விருது விழாவுக்குக் கட்ட வைத்திருந்த சேலை, சட்டை, காப்பு எல்லாம் அதற்குள். உடுப்புக்கு விருது வாங்கப் போகிறவள் மாற்றுடுப்பு இல்லாமல் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "என்ன வேலையாக வந்தீர்கள்?" என்றாள். சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஐயோ பாவம்" என்றாள்.

நான் தங்கியது நிர்மலா அக்கா வீட்டில். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், டப்ளினில் பதினெட்டு வருடமாகத் தாதி. ஒரு காலத்தில் எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த குடும்பம். அவர் வீட்டுக் குசினியில் குரக்கன் மாவும் கருவாடும் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே மழை குறுக்காகப் பெய்தது. எங்கள் ஊரில் மழை மேலிருந்து கீழே பெய்யும். இங்கே வீட்டுக்கு வீடு போய் விசாரிக்கிற மாதிரிப் பக்கவாட்டில் வருகிறது. குடையைப் பிடித்தால் குடை என்னைப் பிடித்து இழுத்தது.

வியாழக்கிழமை காலையில்தான் அந்த பஸ் கூத்து. நோரா வீட்டுக்குப் போகிற வழி. "தேநீர் போடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். "சும்மா ஒரு சொட்டு" என்றார். வேண்டாம் என்றேன். அதற்குள் கோப்பை மேசைக்கு வந்துவிட்டது. தேயிலை நாட்டுக்காரர் நாங்களே பயப்படும் அளவுக்குக் கடுஞ்சாயம், மேலே பால். கூடவே தவிட்டு மாவில் சுட்ட கறுத்தப் பாண் துண்டு, அதில் விரல் தடிப்புக்கு வெண்ணெய். கைப்பையில் கொண்டுவந்த முறுக்கை நான் நீட்டியபோது அவரும் இரண்டு தரம் கையை ஆட்டிவிட்டு மூன்றாம் தரம் நாலு எடுத்தார். இந்தப் பெண்மணியை வெள்ளவத்தையில் எந்த வீட்டிலும் கொண்டுபோய் விடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் இரண்டு பேரும் கம்பனி அலுவலகத்துக்குப் போனோம். கிளாரா எல்லோருக்கும் விழா ஒழுங்கு அச்சடித்த தாள் தந்தாள். நான் எங்கள் பிரிவைத் தேடிப் பார்த்தேன். ஆடை வடிவமைப்பு, விருது கிடைத்தால் தயாரிப்பாளர் டெக்லன் பெற்றுக்கொள்வார் என்று இருந்தது.

திரும்ப வாசித்தேன். அப்படியேதான் இருந்தது. நோராவும் அதே இடத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மழையைப் பற்றிக் கதைத்தார். நான் வருகிறேன் என்று தெரிந்துதான் அவர் மேடைக்குப் போகாமல் விட்டாரோ, என்னோடு சேர்ந்து நிற்க விருப்பமில்லையோ என்றெல்லாம் ஓடியது. காலையில் குடித்த தேநீரும் கசந்தது.

நிர்மலா அக்காவிடம் பிட்டும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்.

"நீ என்ன சொன்னனீ?" என்றார்.

"பரவாயில்லை, நோரா போகட்டும் எண்டனான்."

"எத்தனை தரம் கேட்டவள்?"

"ஒருக்கா."

அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். "நானும் வந்த புதுசில இப்பிடித்தான். பகல் வேலை வேணுமோ எண்டு கேட்டினம். பரவாயில்லை எண்டன். இன்னொருத்திக்குக் குடுத்திட்டினம். ரெண்டு வருசம் இரவு வேலை செய்தனான், சுபா. இஞ்சத்த சனம் எங்களை மாதிரித்தான், மூண்டு தரம் கேப்பினம். ஆனா பேனையோட நிக்கிறவை ஒருக்காத்தான் கேப்பினம்."

"இப்ப என்னக்கா செய்யிறது?"

"நாளைக்கு வாயைத் திறந்து கேள்."

"கேக்கிறது வெக்கமக்கா."

"பதினொரு பேருக்குச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய். வெக்கப்படுறதெண்டா அங்க வெக்கப்பட்டிருக்கவேணும்" என்று சொல்லி, கேட்காமலே இன்னொரு அகப்பைப் பிட்டைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை விழா. பெட்டி இன்னும் வரவில்லை. நிர்மலா அக்கா தன் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிய மயில் கழுத்து நீலப் பட்டை எடுத்துத் தந்தார். சட்டை எனக்கு இரண்டு அங்குலம் இறுக்கம். நல்ல வேளை, அது வெள்ளவத்தையில் தைத்தது. எங்கள் தையல்காரர்கள் பெண்கள் பெருப்பார்கள் என்று தெரிந்து பக்கத்தில் தாராளமாகத் துணி விட்டுத்தான் தைப்பார்கள். ஒரு சவர அலகு வாங்கி, தையலைப் பிரித்து, அரை மணித்தியாலத்தில் அளவாக்கிவிட்டேன். பதினொரு பெண்களிடம் இரவல் வாங்கி நாடகம் எடுத்தவள் பன்னிரண்டாவது ஆளிடம் இரவல் வாங்கி விழாவுக்குப் போனேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் நன்றாகவே இருந்தேன்.

சிவப்புக் கம்பளத்தில் காற்று முந்தானையைப் பிடுங்கியது. அங்கே நட்சத்திரங்கள் தோள் தெரிகிற உடுப்போடு குளிரில் பல்லைக் கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒலிவாங்கியோடு வந்த பெண் ஒருத்தி, "இன்று யாருடைய ஆடை?" என்று கேட்டாள். "நிர்மலா" என்றேன். மரியாதையோடு எழுதிக்கொண்டாள்.

மண்டபத்தில் வட்ட மேசைகள். மேசைக்குப் பத்துப் பேர். வெள்ளிக்கிழமை நான் மரக்கறி. அவர்கள் கொண்டுவந்த தட்டில் அவித்த உருளைக்கிழங்கு, பொரித்த உருளைக்கிழங்கு, மசித்த உருளைக்கிழங்கு இருந்தன. நடுவில் ஒரு காளான் தனியாக இருந்தது. பக்கத்து மேசை நடிகர் கமராக்காரரிடம், "என் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் தோற்றால் சிரிக்க வேண்டும், தயவுசெய்து வாயில் சோறு இருக்கும்போது கமராவை என் பக்கம் திருப்பாதீர்கள்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சரியாகச் சொன்னால் சோறு அல்ல, அதுவும் உருளைக்கிழங்குதான்.

நோரா என் பக்கத்தில் இருந்தார். முதல் இரண்டு விருதும் கொடுத்தாயிற்று. எங்களுடையது ஐந்தாவது. தண்ணீர் குடித்தேன். திரும்பவும் குடித்தேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, "நோரா, எனக்கு மேடைக்குப் போக வேண்டும்" என்றேன். என் வாழ்நாளில் யாரிடமும் எதையும் இப்படி நேராகக் கேட்டதில்லை.

நோரா முள்ளுக்கரண்டியை வைத்தார். "நீங்கள்தான் வேண்டாம் என்றீர்களாமே?"

"ஒருதரம்தானே சொன்னேன்."

நோராவின் தோள் சிரிப்பில் குலுங்கத் தொடங்கியது. "கிளாரா என்னிடமும் கேட்டாள். அவர் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார், அவர் போகட்டும், நான் வேண்டாம் என்றேன். திரும்பக் கேட்பாள் என்று நேற்று அந்தத் தாளைப் பார்க்கும்வரை காத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னோடு நிற்க விரும்பவில்லை என்று நினைத்து நேற்றுப் பின்னேரத்திலிருந்து எனக்கு மனது சரியில்லை."

மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்த கிளாராவின் முகம் வெளுத்துப்போயிற்று. "இரண்டு பேரும் வேண்டாம் என்றீர்கள். அதனால்தான் வேண்டாம் என்று எழுதினேன்" என்றாள். பாவம், அவள்மேல் ஒரு பிழையும் இல்லை. பெயரை மாற்றச் சொல்ல எழுந்து ஓடினாள். மூன்றாவது விருது கொடுத்தார்கள், நான்காவது கொடுத்தார்கள். மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். அறிவிப்பாளர் பார்த்து வாசிக்கிற திரையில் எல்லாம் ஏற்றியாகிவிட்டதாம், இனி மாற்ற முடியாதாம். டெக்லனை ஏற்கெனவே மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்களாம்.

நோரா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் தோற்றால் எல்லாம் சுகம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். முகத்துவாரத்துக்குப் போய், கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம், அவர்களும் ஏசமாட்டார்கள். அந்த நினைப்பு வந்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சேலைகளுக்குக் கிடைக்காமல் வேறு எதற்குக் கிடைக்கும்?

உறையைப் பிரித்தார்கள். எங்கள் நாடகத்தின் பெயர் கேட்டது, நோராவின் பெயர், என் பெயர். மண்டபம் கை தட்டியது. அறிவிப்பாளர் திரையைப் பார்த்து, "அவர்கள் சார்பில் விருதைப் பெற்றுக்கொள்ள..." என்று தொடங்கியபோது நான் எழுந்துவிட்டேன்.

கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசைகளுக்கு இடையில் நடந்தேன். பின்னால் நோராவின் செருப்புச் சத்தம் கேட்டது. படிக்கட்டடியில் காதில் ஒலிக்கருவி மாட்டிய ஆள் குறுக்கே கையை நீட்டினார். "உங்களை மேடைக்கு அழைத்தார்களா?"

"அழைக்கவில்லை" என்றேன். "ஆனால் இப்போது சொன்னது என் பெயர்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை எடுத்துவிட்டார்.

மேலே டெக்லன் விருதைத் தந்துவிட்டு, பிள்ளையைத் தாயிடம் கொடுத்தவர் மாதிரி நிம்மதியாக ஒதுங்கினார். ஒலிவாங்கிக்கு முன்னால் இரண்டு பேர் நின்றோம். நோரா என் பக்கம் குனிந்து, "நீங்கள் பேசுங்கள்" என்றார்.

இல்லை, நீங்களே பேசுங்கள் என்பது பல்லு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"சரி" என்றேன். "இந்த நாடகத்தில் நீங்கள் பார்த்த சேலைகள் என்னுடையவை அல்ல. கொழும்பில், முகத்துவாரத்தில் இருக்கிற பதினொரு பெண்கள் தங்கள் உடம்பிலிருந்து கழற்றித் தந்தவை." இடுப்பில் செருகியிருந்த பெயர்த் தாளைப் பிரித்தேன். முதல் பெயர் பிலோமினா.

ஐந்தாவது பெயரில் எனக்கு எதிரே சிவப்பு விளக்கு மின்னியது. எட்டாவது பெயரில் போகச் சொல்லி வாத்தியம் வாசித்தார்கள். ஒவ்வொரு பெயரையும் அவரவர் வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி, அவசரப்படாமல், பதினொன்றையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.